டைல்ஸைக் கவிழ்த்துப் போடுங்கள்

வீட்டிலேயே கோஸ்டர் செய்வது சுலபமான வேலை. டைல்ஸ் கடையில் மிஞ்சிக் கிடக்கும் நாலங்குலச் சதுரங்களைப் பொறுக்கி வாங்கி, பளபளப்பான பக்கத்தில் ஒரு படத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்து, அடியில் மூலைக்கொரு கார்க் வில்லை வைத்துவிட்டால் முடிந்தது. பெரிய செலவும் இல்லை. சிக்கல் அதன் பிறகுதான் வரும். சித்திரை வெயிலில் ஜிகர்தண்டாவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அந்தக் கோஸ்டர்மேல் வைத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு டம்ளரைத் தூக்கினால், டைல்ஸும் கூடவே எழும்பும். வாய்க்குப் போகிற வழியில் பிடி விட்டு, மேசைமேல் தொப்பென்று விழும். விழுவது சில சமயம் கால்விரல்மேல்.

சுட்ட மண் ஈரத்தைக் குடிக்கும் என்பது மண்பானை புழங்கிய எந்த வீட்டுக்கும் தெரியும். டைல்ஸும் சுட்ட மண்தான். அப்படியிருக்க, அது ஏன் ஒரு சொட்டையும் குடிக்காமல் டம்ளரைக் கவ்விக்கொள்கிறது? அதைப் பார்க்குமுன் டம்ளருக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது என்பதைத் தீர்த்துக்கொள்வோம்.

டம்ளர் வேர்க்கிறது என்கிறோம். வேர்வை என்றால் உள்ளிருந்து கசிவது. ஆனால் உள்ளே இருப்பது பாலும் நன்னாரி சர்பத்தும். வெளியே இருப்பதோ நிறமும் இனிப்பும் இல்லாத வெறும் தண்ணீர். கண்ணாடி வடிகட்டி அனுப்பியிருக்கலாமே என்று ஒருவர் வாதாடலாம். அந்த வாதத்தைச் சமையலறைத் தராசு தீர்த்துவைக்கும். ஐஸ் போட்ட டம்ளரை எலக்ட்ரானிக் தராசின்மேல் வைத்து, எடையைக் குறித்துக்கொண்டு, மின்விசிறி ஓடும் அறையில் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளிருந்த நீர் வெளியே வந்து நின்றால் மொத்த எடை மாறக் கூடாது. எடையோ கூடியிருக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நாளில் ஒரு தேக்கரண்டித் தண்ணீரின் எடை, அதாவது ஐந்து கிராம் அளவுக்கு ஏறியிருக்கலாம். புதிதாக ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அது வந்திருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். சுற்றியிருக்கும் காற்று.

இதை ஒரு கருவியாகவே செய்து வைத்திருந்தார்கள், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில். அங்கே 1657-இல் தொடங்கிய அக்காடமியா டெல் சிமென்டோ என்ற ஆய்வுக் கழகத்தில், கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் பனிக்கட்டியை நிரப்பித் தொங்கவிட்டார்கள். வெளிப்புறத்தில் படிந்த நீர் வழிந்து, கூம்பின் நுனியிலிருந்து கீழே இருந்த அளவுக் குடுவையில் சொட்டியது. பாத்திரம் அதே பாத்திரம், பனிக்கட்டியும் அதே பனிக்கட்டி. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் குடுவையில் நீர் அதிகம் சேர்ந்தது, வறண்ட நாளில் குறைவாகச் சேர்ந்தது. மாறியது காற்று மட்டும்தான் என்பதால், நீரின் ஊரும் அதுதான். கோடையில் நம் ஜிகர்தண்டா டம்ளர் ஒவ்வொன்றும் ஓர் ஈரமானிதான். யாரும் அளவெடுப்பதில்லை, அவ்வளவே.

காற்றில் அத்தனை தண்ணீரா என்று தோன்றும். 38 டிகிரி வெயில், 40 சதவீத ஒப்பு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு இது ஒன்றும் அதிசயமான நாளல்ல. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால், அந்த அறையின் காற்றில் மட்டும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. சூடான காற்றில் நிறைய ஆவி நிற்கும். காற்று குளிரக் குளிர அது தாங்கும் ஆவியின் அளவு குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் இருக்கிற ஆவிக்கே இடம் போதாமல், மிஞ்சியது நீராகப் படியத் தொடங்கும். அந்தக் கட்டத்து வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். பிரான்சின் மோம்பெலியே நகர மருத்துவர் சார்ல் லெ ருவா 1751-இல் இதை எளிமையாக அளந்தார். கண்ணாடிப் பாத்திரத்து நீரைப் பனிக்கட்டி சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து, வெளிச்சுவரில் முதல் மங்கல் தெரியும்போது வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்ப்பதுதான் அவர் முறை. மேலே சொன்ன மதுரை அறையில் அதையே செய்தால் 22 டிகிரிக்குப் பக்கத்தில் மங்கல் விழும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம். இந்த வேர்வை குடிப்பவருக்கு நல்லதல்ல. நீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட வெப்பத்தை, மறுபடி நீராகும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உள்ளுறை வெப்பம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது இதுதான். ஒரு கிராம் ஆவி டம்ளரில் படியும்போது விடுகிற வெப்பம், உள்ளே ஏழு கிராமுக்கும் மேலான ஐஸைக் கரைத்துவிடும். ஐந்து கிராம் படிந்தால் முப்பத்தைந்து கிராம் ஐஸ் போயிற்று. நமக்குக் குளிர்ச்சி தரட்டும் என்று சுழலவிட்ட மின்விசிறி, புதுப்புது ஈரக்காற்றைக் கொண்டுவந்து மோதவிட்டு டம்ளரைச் சூடாக்கும் வேலையையும் பார்க்கிறது.

சரி, வழிந்த நீர் அடிக்குப் போய்விட்டது. கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் முழுக்கத் தட்டையாக இருப்பதில்லை. நடுவே சற்றுக் குழிந்து, விளிம்பு மட்டும் வளையமாகத் தரையைத் தொடும். அந்த வளையத்துக்கும் டைல்ஸின் மெருகுக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. நீர் அங்கே புகுந்துகொள்கிறது. கண்ணாடியும் மெருகும் நீருக்கு மிகவும் பிடித்த பரப்புகள், இரண்டிலும் நன்றாக ஒட்டும். இரண்டு பக்கமும் பற்றிக்கொண்ட நீர்ப்படலத்தின் ஓரம் உள்நோக்கி வளைந்து நிற்கும். நீரின் பரப்பு இழுவிசை அந்த வளைவை நிமிர்த்தப் பார்ப்பதால், படலத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமான குறைவு. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இடைவெளி என்றால், குறைவு வளிமண்டல அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு வரை போகும். வளையத்தின் பரப்பு நாலு சதுர சென்டிமீட்டர் இருந்தாலே, அரைக் கிலோவுக்கு மேல் தூக்கிவிடலாம். நாலங்குல டைல்ஸின் எடை அதில் கால் பங்குதான். டம்ளரைச் சற்றுச் சாய்த்ததும் ஒரு பக்கம் இடைவெளி அகன்று, காற்று புகுந்து, பிடி விட்டுப்போகும். டம்ளரை நேராகத் தூக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தால் கோஸ்டர் வராது என்பதற்கும் காரணம் இதுவே. இழுப்பதற்கு எதிராகத்தான் இந்தப் பிடி பலமானது, வழுக்குவதற்கு எதிராக அல்ல.

ஆக, கோஸ்டர் நல்ல கோஸ்டராக இருக்க வேண்டுமானால் நீர் அந்த இடைவெளியில் தேங்கக் கூடாது. டைல்ஸுக்கு உள்ளே போய்விட வேண்டும். உள்ளே இடம் இருக்கிறதா?

டைல்ஸ் எப்படிக் கெட்டியாகிறது என்று பார்த்தால் விடை தெரியும். களிமண், மணல், இன்னும் சில கனிமப் பொடிகள் சேர்ந்த கலவையை அச்சில் அழுத்திச் சூளையில் சுடுகிறார்கள். பொடி முழுதாக உருகுவதில்லை. அதில் ஒரு பகுதி மட்டும் இளகி, மற்றத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பொரி உருண்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெல்லப்பாகு குறைவாக இருந்தால் பொரிகள் தொடும் இடங்களில் மட்டும் ஒட்டி, நடுவெங்கும் இடைவெளி நிற்கும். பாகு கூடக் கூட இடைவெளிகள் நிரம்பிவிடும். நாட்டுச் சூளையில் ஏறக்குறைய 700 முதல் 900 டிகிரியில் சுட்ட மண்ணில் பாகு மிகக் குறைவு. சுவர் டைல்ஸ் 1100 டிகிரியை ஒட்டிச் சுடப்படுகிறது. தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ் 1200 டிகிரி சூட்டைப் பார்த்தது, அதில் இடைவெளி ஏறக்குறைய இல்லவே இல்லை.

இதை வெறும் வருணனையாக விடாமல் எண்ணாக்கியிருக்கிறார்கள். உலகத் தரநிலையும் அதையொட்டிய இந்தியத் தரநிலையும் டைல்ஸை வகை பிரிப்பது அழகையோ விலையையோ வைத்தல்ல, அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை வைத்து. காயவைத்து எடை பார்த்து, துளைகளில் நீரேற்றி மறுபடி எடை பார்ப்பார்கள். விட்ரிஃபைடு வகை தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது. விலை மலிந்த சுவர் டைல்ஸ் பத்து சதவீதத்துக்கு மேல் குடிக்கும். நாலங்குலத் துண்டு 130 கிராம் என்றால், பதின்மூன்று கிராமுக்கும் மேல். டம்ளரிலிருந்து வழியும் ஐந்து கிராமுக்கு உள்ளே தாராளமாக இடம் இருக்கிறது. விலை உயர்ந்த டைல்ஸ்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதது.

அந்த இடைவெளிகளுக்குள் நீரை யாரும் தள்ள வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனைக்கு விரல் நுனியில் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயைத் தொடவைத்தால் ரத்தம் தானே ஏறுகிறது அல்லவா, அதே நுண்புழை ஈர்ப்புதான். டம்ளரையும் டைல்ஸையும் ஒட்டவைத்த அதே இழுவிசை, இங்கே நீரைத் துளைகளுக்குள் இழுக்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்ட் லூகாஸ் 1918-இலும் அமெரிக்காவில் எட்வர்ட் வாஷ்பர்ன் 1921-இலும் இந்த ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். முதலில் வேகமாகப் போகும், உள்ளே போகப்போக மந்தமாகும். இரண்டு மடங்கு ஆழம் போக நாலு மடங்கு நேரம் பிடிக்கும். கோஸ்டருக்கு இது தோதான குணம்தான். சொட்டு விழுந்த கணத்தில்தானே அவசரம்.

பிறகு ஏன் குடிக்கவில்லை? பளபளப்பான பக்கத்தில் இருப்பது மண்ணே அல்ல, கண்ணாடி. கிளேஸ் என்று கடையில் சொல்லும் மெருகுப்பூச்சு, சூளையில் உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடித் தகடு. சமையலறைச் சுவரில் எண்ணெயும் மஞ்சளும் ஊறிவிடாமல் காப்பதற்காக வைத்த கதவு அது. அந்தக் கதவின்மேல் நாம் காகிதமும் பசையும் வார்னிஷும் சேர்த்து இன்னும் மூன்று கதவு வைக்கிறோம்.

மூன்றுமே பலவீனமான கதவுகள் என்பதுதான் வேடிக்கை. மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிடேட் என்ற நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. இத்தகைய பொருள்களுக்கு ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே கண்ணாடியாக விறைத்து நிற்கும், அதற்கு மேலே ரப்பராக இளகும். கண்ணாடி நிலைமாற்றம் என்பார்கள். இந்தப் பசைக்கு அது 30, 40 டிகிரியை ஒட்டியே வந்துவிடுகிறது. அதாவது மே மாத மதியத்தில் மதுரையின் மேசைமேல் இருக்கும் கோஸ்டர், டம்ளரே வைக்காத நிலையிலும் பாதி இளகித்தான் இருக்கிறது. அதன்மேல் ஃபில்டர் காபி டபராவை வைத்தால் கேட்கவே வேண்டாம். வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லாத சூடான டபராவும் கோஸ்டரில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் நீரல்ல, இந்த இளக்கம். கைவினைக் கடைகளில் விற்கும் எபாக்சி ரெசின் பலவும் 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். வழவழவென்று காய்ந்த ரெசின் கோஸ்டரில் காபி டம்ளர் தன் வட்டத்தை நிரந்தரமாகப் பதித்துவிட்டுப் போவது அதனால்தான்.

என் யோசனை எளிது. டைல்ஸைக் கவிழ்த்துப் போடுங்கள். முதுகுப் பக்கம் மேலே வரட்டும். சிமென்ட் பிடிப்பதற்காக அங்கே மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கும். அவை நீர்வளையம் முழுதாக மூடிக்கொள்ளாமல் காற்றுக்கு வழி விடும், துளைகள் நீரைக் குடிக்கும். கீழே போன கிளேஸ், குடித்த நீர் மேசைக்கு இறங்காமல் தடுக்கும். உற்பத்தி செய்தவர் சுவருக்காக யோசித்து வைத்த இரண்டு பக்கமும், தலைகீழாகப் போட்டதும் கோஸ்டருக்கென்றே செய்தது மாதிரி ஆகிவிடுகின்றன. எந்தத் துண்டு வாங்குவது என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் மங்கலான கறையாக உள்ளே போய்விட்டால் சுவர் டைல்ஸ், வாங்கலாம். உருண்டையாக நின்று நம்மையே பார்த்தால் வேண்டாம்.

அலங்காரம் என்ன ஆவது? முதுகு முழுக்கப் பெயின்ட் பூசினால் பழைய கதைதான், துளைகள் அடைபடும். ஆனால் கோலம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. கோலத்தில் கோடு கொஞ்சம், வெற்றிடம் அதிகம். மெல்லிய தூரிகையால் சிக்குக்கோலமோ மூலைகளில் மட்டும் கொடியோ இழுத்தால், டம்ளர் உட்காரும் நடுப்பகுதி திறந்தே இருக்கும். சிவப்பு மண்ணில் செய்த துண்டானால் வெள்ளைக் கோடு எடுப்பாகத் தெரியும். பூவேலை செய்த ஆத்தங்குடிக் கல்லை வெட்டிக் கோஸ்டராக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது சூளையைப் பார்க்காத கல். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுகவைப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. நிறம் பூச்சாக இல்லாமல் கல்லிலேயே இருப்பதால் உரியாது. ஆனால் சிமென்டில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் எலுமிச்சைச் சாறு விழுந்தால் அரித்துத் தடம் விடும். சர்பத்துக்கு ஆகாது, காபிக்கு ஆகும்.

கவிழ்த்த டைல்ஸுக்கும் ஒரு குறை உண்டு. கறை. காற்றிலிருந்து படிந்த நீர் வாலை வடித்த தண்ணீருக்குச் சமம், அதில் உப்பு இல்லை, எத்தனை முறை காய்ந்தாலும் தடம் வைக்காது. தளும்பிய காபி அப்படியல்ல. கிளேஸ்மேல் சிந்தினால் அது ஓரத்தில் கருத்த வளையமாகக் காயும், துடைத்தால் போய்விடும். நடுவை விட்டு ஓரத்தில் மட்டும் ஏன் கருக்கிறது என்பதை 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகன், சிட்னி நேகல், தாமஸ் விட்டன் குழுவினர் விளக்கினார்கள். சொட்டின் விளிம்பு பரப்பில் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. மெல்லிய விளிம்பில் நீர் ஆவியாகிப் போக, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, காபித் துகள்களையும் கூட்டிக்கொண்டு. ஆவியாதல்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? சொட்டின்மேல் நடுவில் மட்டும் துளையிட்ட மூடியை வைத்து, ஓரத்தில் ஆவியாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். வளையம் விழவில்லை. டைல்ஸின் முதுகில் சிந்திய காபிக்கு இந்த ஓட்டம் ஓட நேரமே கிடைப்பதில்லை. துகளும் நிறமும் நீரோடு உள்ளே இறங்கி, திட்டாகத் தங்கிவிடும். என்னைக் கேட்டால், குளிர்பானத்துக்கு முதுகையும் காபிக்குக் கிளேஸையும் மேலே வைத்துக்கொள்வேன். கோலத்தை வரைவதற்குமுன் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொண்டால் போதும்.

இனி அந்த 22 டிகிரிக்கு வருவோம். ராமேசுவரம் சாலையில் வைகைக் கரையிலுள்ள மானாமதுரை, பானைக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர். 2023-இல் அவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பானையும் வேர்க்கிறது. பார்வைக்கு ஐஸ் டம்ளரின் வேர்வைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அதே தராசைக் கொண்டுவாருங்கள். டம்ளரின் எடை ஏறியது; பானையின் எடை இறங்கும். பானையின் நீர் துளைகள் வழியே வெளியே வந்து காற்றில் கலந்து போய்க்கொண்டிருக்கிறது. போகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில், மிச்சம் ஏறக்குறைய ஆறு டிகிரி குளிரும்.

இந்தக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. பானை எவ்வளவுதான் முயன்றாலும் ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற அளவுக்குக் கீழே போகாது. நம்முடைய 38 டிகிரி, 40 சதவீத அறையில் அது 27 டிகிரியை ஒட்டி வரும். பனிநிலையோ 22. பானைத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தால் வெளியே ஒரு சொட்டும் படியாது. இது ஒரு நாளின் தற்செயல் அல்ல, எந்த ஊரிலும் எந்த நாளிலும் இப்படித்தான். நீர் காற்றுக்குள் போனால்தான் பானை குளிரும். குளிர்ந்து குளிர்ந்து பனிநிலையை நெருங்கினால், அந்தப் பரப்பிலிருந்து காற்று நீரை வாங்குவது நின்றுபோகும். வாங்குவது நின்றால் குளிர்வதும் நின்றது. ஆகையால் அந்த எண்ணைத் தொடுமுன்பே பானை நின்றுவிடும். ஐப்பசி அடைமழையில் காற்று முழுக்க ஈரமாகும்போது மட்டும் இரண்டு எண்களும் அறையின் வெப்பநிலையும் ஒன்றாகிவிடும். அப்போது பானைத் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் கிடக்கும்.

எனவே பானைத் தண்ணீர் குடிக்கிற டம்ளருக்குக் கோஸ்டர் தேவையில்லை, தேவை பானைக்குத்தான். அதற்கு வைக்கோல் பிரிமணையை வைத்தார்கள், அல்லது ஆற்று மணலைப் பரப்பினார்கள். பிரிமணை பானையின் உருண்டை அடியைச் சாயாமல் தாங்கி, கீழும் காற்றுப்பட விட்டது. மணல் வழிந்த நீரைத் தன் இடைவெளிகளில் வாங்கி, மேற்பரப்புக்கு ஏற்றி, மறுபடி ஆவியாக்கியது. ஈரமணல் அடியிலிருந்தும் பானையைக் குளிர்வித்தது. சில வீடுகளில் அந்த மணலில் வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் தூவிவிடுவார்கள். பானையின் வேர்வையிலேயே அவை முளைத்துவிடும்.